பிளைத்பர்க் தேவாலயம்: கூரைக்காகப் போங்கள், வெளிச்சத்தை மட்டும் அப்படியே நம்பாதீர்கள்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரே ஒரு இடைக்கால ஊர்த் தேவாலயத்தை மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்றால், சஃபோக்கில் இருக்கும் பிளைத்பர்க் ஹோலி டிரினிட்டிக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, வரிசை இல்லை, கையில் மாட்டும் பட்டை இல்லை. பகலில் கதவைத் தள்ளிவிட்டு உள்ளே போகலாம், வெளியே வரும்போது உண்டியலில் உங்களால் முடிந்ததைப் போடலாம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அந்த அரை, கட்டடத்துக்காக இல்லை. அதைப் பற்றிச் சுற்றுலாப் பக்கங்களில் எல்லோரும் எழுதும் ஒரு விஷயத்துக்காக. அதற்குக் கீழே வருகிறேன்.

ஏ12 சாலையில் வந்தால் பிளைத் ஆற்றின் சதுப்பு நிலத்துக்கு மேலே, வேறு எதுவும் உயரமாக இல்லாத இடத்தில், நீளமாக ஒரு கட்டடம் தெரியும். "சதுப்பு நிலத்துக் கதீட்ரல்" என்பது பட்டப்பெயர். கதீட்ரல் எல்லாம் இல்லை, பிஷப் யாரும் இங்கே உட்கார்ந்ததில்லை, சாதாரணப் பங்கு தேவாலயம்தான், ஆனால் நீளம் ஏறக்குறைய 40 மீட்டர். இன்று சுற்றியிருக்கும் சில தெரு வீடுகளுக்கு இது ரொம்பவே பெரிது. கோபுரம் மட்டும் ஏமாற்றும். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, அலங்காரம் குறைந்த, கொஞ்சம் முரட்டுத்தனமான கோபுரம் அது. அடுத்த நூற்றாண்டில் மற்ற எல்லாவற்றையும் இடித்துப் பெரிதாகக் கட்டியவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்கள். அதன் உச்சியில் இருந்த கூம்பும் இப்போது இல்லை. லாவனம் ஊர்க் கோபுரத்தைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வருபவர்கள் "இவ்வளவுதானா" என்று நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும், உள்ளே வந்ததும் பேச்சு மாறும்.

உள்ளே போகும் முன் வெளிச் சுவரை ஒரு சுற்று சுற்றுங்கள். சஃபோக்கும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் சேர்ந்த கிழக்கு ஆங்கிலியாவில் கட்டடத்துக்கு ஏற்ற நல்ல கல் கிடையாது. மண்ணைத் தோண்டினால் கிடைப்பது ஃபிளின்ட் என்ற கெட்டியான, கறுப்பும் சாம்பலுமான சக்கிமுக்கிக் கல்தான். சதுரமாகச் செதுக்கி மூலைக்கு வைக்க அது சரிப்படாது. அதனால் மூலைக்கும் சன்னல் சட்டத்துக்கும் வேண்டிய வெளிர் கல்லை எங்கிருந்தோ படகில் கொண்டுவர வேண்டும், நடுவில் ஃபிளின்டை வைத்து நிரப்ப வேண்டும். இந்தத் தொல்லையிலிருந்துதான் இந்தப் பகுதியின் அழகான வேலை பிறந்தது. ஃபிளின்டை உடைத்து, பளபளக்கும் உள்பக்கம் வெளியே தெரியும்படி, வெளிர் கல்லில் வெட்டிய பள்ளத்துக்குள் மட்டமாகப் பதிப்பார்கள். ஃபிளஷ்வொர்க் என்பார்கள். கிழக்குச் சுவரில் பெரிய சன்னலுக்குக் கீழே இந்த முறையிலேயே பதித்த எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. ஏதோ பிரார்த்தனையின் முதலெழுத்துகள் என்கிறார்கள், ஆளுக்கொரு விளக்கம். எனக்கு அர்த்தத்தை விட வேலைதான் பிடித்திருந்தது. மழை பெய்து முடிந்த உடனே பார்த்தால் கறுப்பு இன்னும் கறுப்பாக, எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும்.

இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய தேவாலயம் எப்படி வந்தது? அப்போது ஊர் சின்னது இல்லை, அவ்வளவுதான். ஆற்றில் கப்பல் வந்து போன காலம். துறைமுகம், மீன், கம்பளி வியாபாரம் எல்லாம் இருந்தன, பக்கத்திலேயே அகஸ்டீனியத் துறவிகளின் மடமும் இருந்தது. இங்கிலாந்தில் அப்போது இருந்த ஏற்பாடு சுவாரஸ்யமானது. பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதியான சான்சலைப் பராமரிப்பது, தசமபாகம் வாங்கும் ரெக்டரின் பொறுப்பு. சனங்கள் நிற்கும் நடுக்கூடமான நேவைப் பராமரிப்பது ஊராரின் பொறுப்பு. இரண்டு பாக்கெட், இரண்டு கணக்கு. அதனால்தான் பல ஊர்களில் நேவ் ஆடம்பரமாகவும் சான்சல் குட்டையாக, பழைய பாணியில், ஒட்டவைத்த மாதிரியும் இருக்கும். ரெக்டருக்குச் செலவு செய்ய மனசு வந்திருக்காது. இங்கே ரெக்டர் இடத்தில் இருந்தது அந்த மடம். சான்சலைத் திரும்பக் கட்ட 1412இல் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அப்புறம் அந்த நூற்றாண்டு முழுக்க வேலை நடந்திருக்கிறது, ஊரார் உயிலில் எழுதிவைத்த காசெல்லாம் அதற்குள் போயிருக்கிறது. கடைசியில் நேவும் சான்சலும் ஒரே உயரத்தில், ஒரே கூரையின் கீழ், நடுவில் வளைவு எதுவும் தடுக்காமல் மேற்கிலிருந்து கிழக்கு வரை ஒரே ஓட்டமாகப் போகின்றன. பாக்கெட் இரண்டு என்பது கண்ணுக்கே தெரியாது. சஃபோக்கில் ஏறக்குறைய 500 இடைக்காலத் தேவாலயங்கள் நிற்கின்றன, இவ்வளவு சுத்தமாக ஒரே நேர்கோட்டில் ஓடும் உள்வெளி அவற்றில் ரொம்பக் குறைவு.

சரி, உள்ளே போகலாம். கதவைத் திறந்ததும் எல்லோரும் வாயைப் பிளப்பது வெளிச்சத்தைப் பார்த்துத்தான். வெள்ளைச் சுவர், வெளிறிய மரக் கூரை, பக்கத்துக்குப் பதினெட்டு என மேல்வரிசையில் நெருக்கமாக அடுக்கிய கிளியர்ஸ்டோரி சன்னல்கள், எல்லாவற்றிலும் நிறமில்லாத கண்ணாடி. வானம் அப்படியே உள்ளே இறங்கி நிற்கும். இதைப் பார்த்துவிட்டு "இடைக்காலக் கலைஞர்களின் ஒளி பற்றிய ஞானம்" என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் நான் அரை மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். இந்த வெளிச்சம் அவர்கள் கட்டியது இல்லை. அவர்கள் சன்னலைப் பெரிதாக வைத்ததே வண்ணக் கண்ணாடியில் புனிதர்களை நிரப்பத்தான். சுவரில் ஓவியம், கூரை முழுக்கச் சாயம், நேவுக்கும் சான்சலுக்கும் நடுவே வண்ணம் பூசிய மரத்தடுப்பு, அதன் மேல் பெரிய சிலுவை, ஆங்காங்கே மெழுகுவர்த்தி. அன்றைக்கு உள்ளே வந்தவர் பார்த்தது நிறம் ததும்பும், கொஞ்சம் மங்கலான இடம்.

அதையெல்லாம் எடுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தம் கொஞ்சம் எடுத்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1644 ஏப்ரலில், வில்லியம் டௌசிங் வந்தார். மூடநம்பிக்கை என்று கருதப்பட்ட படங்களை ஊர் ஊராகப் போய் உடைப்பதற்குப் பாராளுமன்றத் தரப்பு நியமித்த ஆள். எங்கே எத்தனை உடைத்தார் என்பதை நாட்குறிப்பாகவே எழுதி வைத்திருக்கிறார், பிளைத்பர்க்கில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட படங்களை எடுக்க உத்தரவிட்டதாகக் கணக்கு. மிச்சத்தைக் காலமும் கவனிப்பின்மையும் பார்த்துக்கொண்டன. இன்று சன்னல்களின் மேல் ஓரத்துக் குட்டிக் கட்டங்களில் பழைய வண்ணக் கண்ணாடித் துண்டுகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முழு வண்ணக் கண்ணாடியோடு அப்படி ஒரு கட்டடம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் குளோஸ்டர்ஷயரில் ஃபேர்ஃபோர்டுக்குப் போக வேண்டும். 1500ஐ ஒட்டிய காலத்து 28 சன்னல்களும் அங்கே முழுத் தொகுப்பாக அப்படியே இருக்கின்றன. இரண்டையும் பார்த்த பிறகு பிளைத்பர்க்கின் வெளிச்சம் எனக்குக் குறைவாகப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். அது ஒரு விபத்தின் அழகு, அந்த உண்மையோடு ரசிப்போம் என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் அந்த விபத்து நடக்க இடம் கொடுத்தது கட்டுமானம். அதைப் பாராட்டாமல் விட முடியாது. பெர்பெண்டிகுலர் என்ற அந்தக் கடைசிக் கோதிக் பாணி இங்கிலாந்துக்கே உரியது. செங்குத்துக் கோடுகள், அகலமான சன்னல், மெலிந்த தூண் என்று போகும். நேவின் இரண்டு பக்கமும் தூண்வரிசை, அதற்கு வெளியே பக்கக்கூடங்கள். பக்கக்கூடத்தின் கூரையைத் தாழ்வாக வைத்தால்தான், அதற்கு மேலே எழும்பும் நேவ் சுவரில் கிளியர்ஸ்டோரி சன்னல்களுக்கு இடம் கிடைக்கும். மேலே கூரை செங்குத்தாக இருந்தால் அது சுவரை வெளிப்பக்கம் தள்ளும், தள்ளினால் சுவர் தடிமனாக வேண்டும், தடிமனானால் சன்னல் சுருங்கும். இங்கே கூரை கிட்டத்தட்டத் தட்டை. நடுவில் லேசாக மேடு தட்டிய ஓக் உத்தரங்கள் சுவரிலிருந்து சுவருக்குக் குறுக்கே கிடக்கின்றன, பாரம் பெரும்பாலும் நேர் கீழே இறங்குகிறது. அதனால்தான் இவ்வளவு ஒல்லியான சுவரில் இவ்வளவு சன்னல் வைக்கத் துணிந்தார்கள். அவ்வளவு தட்டையான கூரையில் ஓடு நிற்காது, ஈயத் தகடுதான் போட முடியும், ஈயம் விலை அதிகம். காசு இருந்த ஊர் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

இப்போது மேலே பாருங்கள். இதற்காகத்தான் வந்தோம். ஒவ்வொரு உத்தரத்தின் நடுவிலும், முதுகோடு முதுகு ஒட்டி, கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக, சிறகை முழுக்க விரித்த மரத் தேவதூதர்கள். பல போய்விட்டன. மிஞ்சியவை நூற்றாண்டுகளாகப் புதுச் சாயம் காணாதவை. முகத்தில் பழைய வண்ணம் திட்டுத் திட்டாக, சிலருக்கு மூக்கு மழுங்கி, சிலருக்குச் சிறகு உடைந்து. உத்தரங்களிலும் சட்டங்களிலும் சிவப்பும் பச்சையுமாகப் பூ வேலையும், இயேசுவின் பெயர்க் குறியும் மங்கலாகத் தெரியும். இடைக்காலச் சாயம் என்பதால் இந்தக் கட்டடத்தில் நான் முழுசாக நம்புவது இந்தக் கூரையைத்தான். வெறும் கண்ணால் பார்த்தால் பழுப்பாகத் தெரியும், அதனால் பைனாகுலர் எடுத்துப் போங்கள். கழுத்து வலிக்கும், பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

கேம்பிரிட்ஜ்ஷயரில் மார்ச் என்ற ஊரின் தேவாலயக் கூரையில் நூற்றுக்கு மேல் தேவதூதர்கள் உண்டு. சுத்தியல் வடிவ உத்தரங்கள் இரட்டை அடுக்காக வரும் கூரை அது, தச்சு வேலையில் இதைவிடச் சிக்கலானது. எண்ணிக்கைக்கும் சாமர்த்தியத்துக்கும் அங்கே போங்கள். எனக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு முகம்கூட நினைவில் நிற்கவில்லை. இங்கே ஒவ்வொன்றும் நிற்கிறது.

டௌசிங் இந்தத் தேவதூதர்களையும் இறக்கச் சொல்லித்தான் போனார், இருபது என்று நாட்குறிப்பில் இருக்கிறது. யாரும் இறக்கவில்லை. அவ்வளவு உயரத்துக்கு ஏணி கட்ட யாருக்குக் கை வரும்? பழுது பார்க்கும்போது இவற்றில் ஈயக் குண்டுகள் கிடைத்தன. உடனே அதற்கும் டௌசிங்கின் ஆட்கள்தான் சுட்டார்கள் என்று கதை கட்டிவிட்டார்கள், இன்னும் சிலர் அதையே சொல்கிறார்கள். குண்டுகள் பிந்தைய காலத்தவை. 18ஆம் நூற்றாண்டுத் தேவாலயக் கணக்கிலேயே, உள்ளே கூடு கட்டிய ஜாக்டா காக்கைகளைச் சுட மருந்துக்கும் குண்டுக்கும் காசு கொடுத்தது பதிவாகி இருக்கிறது. காக்கையைக் குறிவைத்துத் தேவதூதரைத் துளைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வெறியர் கதையைவிட இந்தக் காக்கைக் கதைதான் பிடிக்கிறது.

கழுத்தை இறக்கினால் பெஞ்சுகள். ஒவ்வொரு பெஞ்சின் முனையிலும் சின்னதாக ஒரு உருவம் செதுக்கியிருக்கிறார்கள், 15ஆம் நூற்றாண்டு வேலை. பாவங்கள் ஒரு வரிசை: பெருந்தீனி தன் தொப்பையைப் பிடித்துக்கொண்டு, சோம்பல் படுக்கையில் உட்கார்ந்து, பேராசை பணப்பெட்டி மேல் ஏறி, புறங்கூறல் நாக்கை நீட்டிக்கொண்டு. பாசாங்கு மட்டும் பிரார்த்தனை செய்கிறது, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே. அப்புறம் நற்செயல்கள், பருவங்கள், கதிர் அறுப்பவர், பன்றி அடிப்பவர். நன்றாகச் செதுக்கியவை என்று சொல்ல மாட்டேன், உள்ளூர்த் தச்சரின் வேலை மாதிரிதான், உடல் குட்டை, தலை பெரிது. கதீட்ரல் சிற்பத்தில் இல்லாத ஒரு குறும்பு இதில் இருக்கிறது. கை படக்கூடிய உயரத்தில் இருப்பதால் தலைகள் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. தயவுசெய்து நீங்களும் தேய்க்காதீர்கள்.

சான்சலில் பாடகர் இருக்கைகளின் முன்பலகையில் அப்போஸ்தலர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அதே பலகைகளில் மைக்கூடு வைக்கும் குழிகள்! ஒரு காலத்தில் இவை பள்ளிக்கூட மேசைகளாக ஓடியிருக்கின்றன. பெயரைச் செதுக்கி 1665 என்று ஆண்டும் போட்டிருக்கிறான் டிர்க் என்ற வெளிநாட்டுப் பையன். பக்கத்திலேயே ஊர்ப் பெருந்தனக்காரர் ஜான் ஹாப்டனின் கல்லறை, பர்பெக் பளிங்கில் கம்பீரமாக இருக்கிறது. அதன் பித்தளைத் தகடுகளை எவனோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். பையனின் பெயர் இருக்கிறது, பெரிய மனிதரின் தகடு போய்விட்டது.

வடக்குக் கதவில் சில கருகிய தடங்கள் உண்டு, பெரும்பாலானோர் செல்ஃபி எடுப்பது அங்கேதான். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் பயங்கரப் புயல். கோபுரக் கூம்பு கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது, ஞானஸ்நானத் தொட்டி நொறுங்கியது, உயிர்ச்சேதமும் உண்டு. அதே நாளில் பங்கே ஊர்த் தேவாலயத்திலும் இடி. லண்டனில் ஒரு துண்டுப் பிரசுரக்காரர் இரண்டையும் சேர்த்து, கறுப்பு நாய் உருவத்தில் சாத்தான் பாய்ந்தான் என்று அச்சடித்துவிட்டார். அதிலிருந்து கதவுத் தடங்கள் நாயின் நகக்கீறல்கள். இதே மாதிரி எரிந்த தடங்கள் இங்கிலாந்தின் எத்தனையோ பழைய வீடுகளின் மரச் சட்டங்களில் உள்ளன, மெழுகுத்திரியை வேண்டுமென்றே பிடித்து உண்டாக்கியவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். நாய்க்கு நான் ஒரு நிமிடம் கொடுத்தேன், அது போதும். உடைந்து ஒட்டிய அந்தத் தொட்டியைப் பாருங்கள், புயல் உண்மையில் செய்தது அதில் இருக்கிறது.

இவ்வளவும் மிஞ்சியதற்குக் காரணம் பக்தி இல்லை, வறுமை. ஆற்றில் மணல் சேர்ந்து கப்பல் வரவு நின்றது, மடம் 1530களில் கலைக்கப்பட்டது, ஊர் சுருங்கியது. 19ஆம் நூற்றாண்டில் கூரை ஒழுகி, ஆராதனைக்கு வந்தவர்கள் குடை பிடித்து உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். 1881இல் ஆபத்து என்று பிஷப் மூடவே வைத்துவிட்டார், 1884இல்தான் திறந்தது. இங்கிலாந்து முழுக்க விக்டோரியர்கள் பழைய தேவாலயங்களைச் சுரண்டி, பளபளப்பாக்கி, புது ஓடு பதித்துக்கொண்டிருந்த காலம் அது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்க 1877இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் தொடங்கிய சங்கம் இங்கே நடக்கவிருந்த வேலையை எதிர்த்துச் சண்டை போட்டது. கையில் காசும் இல்லை, தலைமேல் மாரிஸ் ஆட்களும் இருந்தார்கள், அதனால் வேலை மெதுவாகவே நடந்தது. பலன், மேடு பள்ளமான செங்கல் தரை இன்னும் இருக்கிறது, சாயம் போன கூரை சாயம் போனபடியே இருக்கிறது. வசதியான பக்கத்து ஊர்களில் "புதுப்பித்த" கூரைகளைப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

நடைமுறை விஷயங்கள்: குளிர்காலத்தில் உள்ளே வெளியைவிடக் குளிராக இருக்கும், கோட்டைக் கழற்ற நினைக்காதீர்கள். சாலை இரைச்சல் லேசாகக் கேட்கும். மேகம் இல்லாத பகலில், சூரியன் கொஞ்சம் தாழ்ந்திருக்கும் நேரத்தில் போனால் கூரை நிறங்கள் நன்றாகத் தெரியும். 1682 என்று ஆண்டு போட்ட, மணியை அடிக்கும் மரப் பொம்மை ஒன்று இருக்கிறது, ஆராதனை தொடங்குவதை இன்றும் அதுதான் அறிவிக்கிறது, ஞாயிறு காலையில் போனால் கேட்கலாம். கச்சேரிகளும் நடக்கும். 1969இல் பக்கத்து ஸ்னேப் ஊரின் கச்சேரி அரங்கம் எரிந்தபோது ஆல்டபர்க் இசை விழாவின் ஆப்பெராவையே இங்கே கொண்டுவந்து நடத்தினார்கள், ஒலி அவ்வளவு நன்றாக இருக்கும். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் பெஞ்சுப் பாவங்களைத் தேடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் தாங்கும். தங்கம், வண்ணக் கண்ணாடி, பிரம்மாண்டம் எதிர்பார்ப்பவர்கள் லாங் மெல்ஃபோர்டுக்குப் போவது நல்லது.

கடைசியாக ஒன்று. இங்கே வந்தவர்கள் சில மைல் தொலைவில் இருக்கும் வென்ஹாஸ்டனைத் தவற விடாதீர்கள். சின்னத் தேவாலயம். உள்ளே பலகைகளில் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் ஒன்று. சீர்திருத்தக் காலத்தில் வெள்ளையடித்து மறைத்த பலகைகள் அவை. 1892இல் பழைய மரம் என்று கழற்றி வெளியே போட்டுவிட்டார்கள், அன்று இரவு பெய்த மழை வெள்ளையைக் கழுவிவிட்டது. சிவப்பும் பச்சையும் மீன்வாய் நரகமும் காலையில் வெளியே வந்தன. நடுவில் சிலுவையும் இரண்டு பக்கமும் மரியாளும் யோவானும் நின்ற இடம் மட்டும் வர்ணம் படாமல் வெறும் வடிவமாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே முன்னால் மரச் சிலைகள் நின்றன. பிளைத்பர்க்கின் வெறும் வெள்ளைச் சுவருக்குள் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று ஊகிக்க அந்தப் பலகைகள் உதவும். முதலில் வென்ஹாஸ்டன், அப்புறம் பிளைத்பர்க் என்று போவதே சரியான வரிசை.